குதிகாலில் இருந்த குத்து

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அடுத்தவர் முட்டியைப் பற்றி விசாரிக்கிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். காலையில் பூங்காவில் நடக்கும்போது உங்களில் சிலர் பேசுவது என் காதில் விழும். நம் காலத்தில் நாம் எவ்வளவு பலமாக இருந்தோம், என்ன தின்றோம், எப்படி வளர்ந்தோம் என்று. அந்தப் பேச்சு ஆரம்பித்தால் நான் வேகமாக நடந்து முன்னால் போய்விடுவேன். திமிர் என்று நினைத்திருப்பீர்கள். திமிர் இல்லை. பலம் என்கிற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. அதற்குக் காரணம் ஒரு கோடை விடுமுறை.

அப்போது நாங்கள் ஆவடியில், ஃபேக்டரிக் குடியிருப்பில் இருந்தோம். நான் ஏழாவது முடித்திருந்தேன். அண்ணன் என்னைவிட மூன்று வயது பெரியவன். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் வீட்டார் பாரிவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள். அந்தக் குடும்பத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் நைனா. ஃபேக்டரியில் வெல்டர். சைக்கிளைத் துடைப்பதில் இருந்து சட்டைக்கைக்கு மடிப்பு வைப்பது வரை எல்லாவற்றிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. பிள்ளை தன்னைத் தாண்டி, போலீஸ், ராணுவம் மாதிரி யூனிஃபார்ம் போடுகிற வேலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய கனவு.

அங்கே இருந்த ராணுவ முகாமுக்குப் பக்கத்து மைதானத்தில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சாயங்காலங்களில் பையன்களுக்கு பாக்சிங் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மதுரைப் பக்கத்துக்காரர். விடுமுறை முடிகிற சமயத்தில் ஒரு போட்டி வைப்பார்கள், அதில் ஜெயிக்கிற பையன்களை விளையாட்டு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், படிப்பு முடிந்ததும் யூனிஃபார்ம் வேலை என்று யாரோ நைனாவிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாளே அண்ணனை சைக்கிளின் முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்துப்போய்ச் சேர்த்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த வாதாமரத்தில் ஒரு மூட்டை கட்டினார். காயலான் கடையில் வாங்கிய தார்ப்பாயை உருளையாகத் தைத்து, உள்ளே மரத்தூளும் கந்தலும் மணலும் போட்டு நிரப்பியது. வெயில் ஏறினால் அதில் இருந்து ஒரு எண்ணெய் நாற்றம் கிளம்பும். சில நாளிலேயே மணல் எல்லாம் அடியில் இறங்கி, கீழ்ப்பகுதி பாறை மாதிரி ஆகிவிட்டது. பால்பவுடர் டின்கள் இரண்டில் சிமெண்ட் ஊற்றி, நடுவில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகிக் காயவைத்து, தூக்கிப் பழக ஒரு எடையும் செய்தார். காலையில் அண்ணனுக்குப் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிய பால். அதைக் குடிக்கும்போது அவன் முகம் போன போக்கை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை கசக்கிறது.

மூட்டை அதிகம் ஆடியது. யாராவது பின்னால் நின்று பிடிக்கவேண்டும். பிடித்தவள் நான்.

அப்படித்தான் அந்தக் கோடை முழுக்க அண்ணனின் குத்துகளை நான் என் உடம்பில் வாங்கினேன். மூட்டையின் மறுபக்கத்தில் தோளையும் கன்னத்தையும் சாய்த்துக்கொண்டு நிற்பேன். அவன் குத்துகிறபோது தார்ப்பாய் வழியாக அது என் விலாவுக்கு வந்து சேரும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்குச் சத்தம்தான் கேட்கும். எனக்குத்தான் எடை தெரியும்.

மாஸ்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார். இடது கால் முன்னால், வலது கால் பின்னால். இடது கை முன்னால் நின்று எதிராளியைத் தட்டித் தட்டிப் பார்க்கும். வலது கை பின்னால் தாடையோடு காத்திருக்கும். இடி அந்தப் பின்கையில் இருந்துதான் வரவேண்டும். ஆனால் அண்ணனிடம் எனக்கு அது தலைகீழாக வந்தது. லேசாகத் தட்டவேண்டிய இடது கை விலாவில் கனமாக இறங்கியது. இடியாக வரவேண்டிய வலது கை, யாரோ தலையணையை எறிந்த மாதிரி வந்து விழுந்தது. அவன் பல்லைக் கடிப்பான், கழுத்து நரம்பு புடைக்கும், தோளை முழுக்கத் தூக்கி எறிவான், கால் தடுமாறி மூட்டை மேலேயே வந்து விழுவான். மூட்டைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒன்றுமே உறைக்காது.

"பவரு வர்லியே," என்பார் நைனா, கட்டிலில் உட்கார்ந்துகொண்டு. "இன்னாடா, கொசு அட்ச்சிகினு கீறியா? கைல பலமே இல்ல உனுக்கு. இன்னும் ஒரு முட்ட சேத்துக் குடு இவனுக்கு."

பலம், பலம், பலம். முட்டை கூடியது. சிமெண்ட் டின்னைத் தூக்குவது கூடியது. அண்ணனின் வலது தோள் வீங்கிப்போய் அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினாள். குத்து மட்டும் அப்படியே இருந்தது.

அதே கொல்லையில்தான் அம்மா துணி துவைப்பாள். ஒருநாள் ஈரப் போர்வையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா மெலிந்த உடம்புக்காரி, அவள் கையில் சதை என்று ஒன்றும் கிடையாது. ஆனால் கல்லில் விழுந்த அடி பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்டது. நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ஓங்கும் முன்பே அவளுடைய பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பித் திரும்பியது. முழங்கால் திரும்பியது, இடுப்பு திரும்பியது, அப்புறம் தோள். கை கடைசியில்தான் வந்தது. கை சும்மா போர்வையைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அடித்தது கால்.

அன்று மத்தியானம் யாரும் இல்லாதபோது மூட்டை முன்னால் நான் நின்று பார்த்தேன். முதலில் வெறும் கையால் குத்தி மணிக்கட்டு மடங்கி உயிர் போய்விட்டது. அப்புறம் மெதுவாக, சிகரெட் துண்டை மிதித்து அணைப்பார்களே, அந்த மாதிரி பின்காலின் முன்பாதத்தைத் தரையில் அழுத்தித் திருப்பினேன். இடுப்பு தானாகக் கூடவே வந்தது. மூட்டை "தும்" என்றது. எனக்கே பயமாகிவிட்டது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தேன்.

அன்றைக்கு அண்ணன் பயிற்சி செய்யும்போது மூட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவன் காலை மட்டும் கவனித்தேன். அவனுடைய வலது குதிகால் ஆணி அடித்த மாதிரி தரையில் அப்படியே இருந்தது. கால் திரும்பவில்லை, அதனால் இடுப்பு திரும்பவில்லை. வெறும் கைதான் போய்ப் போய் வந்தது.

"ண்ணா, பின்னாடி காலத் திருப்பு. குதிகாலத் தூக்கித் திருப்பு."

"மாஸ்டரும் அதாம்மே சொல்றாரு. திருப்பத்தான் பாக்குறேன். வர மாட்டேங்குது. அது எங்காலு மாதிரியே இல்ல."

அந்தப் பதிலை நான் அப்போது சரியாக வாங்கிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து மைதானத்தில் மாஸ்டர் எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டியிருக்கிறார். "இது குத்தாடா? தடவிக் குடுக்குறியா? வீட்டுக்குப் போயி மாட்டத் தடவு போ." பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. நைனா இரண்டாவது ஷிஃப்ட், வீட்டில் இல்லை. அவன் கைக்குத் துணிகூடச் சுற்றவில்லை. மூட்டையைக் காலால் ஒரு உதை விட்டான். அது ஆடிப் போய்த் திரும்பி வந்தது. நான் பின்னால் ஓடிப்போய்ப் பிடித்தேன். பிடிக்கிறேனா இல்லையா என்று பார்க்காமல், நின்ற வாக்கிலேயே குத்தினான்.

நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். மூட்டை என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சில் மூச்சு நின்று, கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

"ஏய், அட்ச்சிச்சா? அட்ச்சிச்சா?" என்று ஓடி வந்தான்.

என்னால் பேச முடியவில்லை. அவன் காலைத்தான் காட்டினேன். வலது கால் முன்னால் இருந்தது, இடது கால் பின்னால். குத்தியது இடது கை.

"இன்னொரு தபா குத்து," என்றேன், மூச்சு வந்ததும். எழுந்து தள்ளி நின்றுகொண்டேன். அவன் அப்படியே நின்று குத்தினான். யாரும் சொல்லாமலேயே இடது குதிகால் எழும்பித் திரும்பியது. முழங்கால், இடுப்பு, தோள், கடைசியில் கை. அம்மா போர்வையை அடிக்கிற மாதிரியே. வாதாமரக் கிளை முனகி, பழுத்த இலைகள் சில உதிர்ந்தன.

அண்ணன் நொட்டாங்கைக்காரன். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெருவில் கிரிக்கெட் ஆடும்போது நைனா பக்கத்தில் இல்லையென்றால் இடது கையில்தான் பந்து போடுவான். புளியங்காய்க்குக் கல் எறிவதும் அப்படித்தான். நைனா வந்தால் எல்லாம் வலது கைக்கு மாறிவிடும். சின்னதில் இடது கையில் சோறு எடுத்தான் என்று நைனா அவன் கையைத் துண்டால் முதுகுக்குப் பின்னால் கட்டிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுதும்போது ஸ்கேலால் அடி. எங்கள் வீட்டில் அந்தக் கையை பீச்சாங்கை என்றுதான் சொல்வார்கள். கழுவுகிற கை.

அண்ணன் மூட்டையைப் பிடித்து நிறுத்தினான். நைனா வருகிற சந்துப் பக்கம் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லாத," என்றான்.

சொல்லாமல் இருப்பேனா? அவ்வளவு சந்தோஷம் எனக்கு. கோடை முழுக்க எல்லோரும் தேடியதை நான் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் அம்மாவிடம் போனேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "வெளில சொல்லிகினு திரியாத. நைனா காதுல வுழுந்துச்சு, அவன் கைய ஒட்ச்சிடுவாரு," என்றாள். அப்புறம் மைதானத்துக்கே போய் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் விசிலை வாயில் இருந்து எடுக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், எங்கண்ணன் லெஃப்ட்டு. கால மாத்தி நிக்க வெச்சா நல்லா குத்துவான்."

"என்கிட்ட வர்ற எல்லாரும் ஒரே மாதிரிதாம்மா நிக்கணும். ஒருத்தன் மாறி நின்னா ஜோடி சேராது. ரெண்டு பேரு காலும் சிக்கிக்கிரும். நீ யாரும்மா, மூட்டையப் பிடிக்கிற புள்ளையா? போ, போயி அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன். அந்த வயதில் நீங்களும் இப்படி எதையாவது கையில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் நின்றிருப்பீர்கள். கையில் இருப்பதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

போட்டி அன்று நைனா எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் அழைத்துப்போனார். மைதானத்தின் நடுவில் மேடை போட்டு, கயிறு கட்டியிருந்தார்கள். ஒலிபெருக்கி கரகரத்தது. அண்ணனுக்கு எதிராக வந்த பையன் பட்டாபிராம் பக்கத்தவன், அண்ணனைவிடக் குள்ளம். ஆனால் அவனுடைய வலது குதிகால் திரும்பியதை மேடைக்குக் கீழே இருந்தே நான் பார்த்தேன். முதல் ரவுண்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. அவன் குத்தினால் அண்ணனின் தலை பின்னால் போனது. அண்ணன் குத்தினால் அவன் சும்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"குத்துடா! பலமாக் குத்துடா!" நைனா கத்தினார்.

"கால மாத்துண்ணா!" நான் கத்தினேன்.

நைனா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தார். "கம்முனு கெட. இன்னா கத்துற நீ?"

இரண்டாவது ரவுண்டும் அப்படியே போனது. மூன்றாவதில் அந்தப் பையன் அண்ணனை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனான். அண்ணன் அவனிடமிருந்து வழுக்கி வெளியே வந்தான். வெளியே வந்த வேகத்தில் அவன் கால்கள் மாறிவிட்டன. வலது கால் முன்னால், இடது பின்னால். பையன் திரும்பி நேராக வந்தான். அண்ணனின் இடது குதிகால் எழும்புவதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்தது கண்ணுக்குத் தெரியாத வேகம். பையன் மேடையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. மைதானமே எழுந்து நின்றது.

நடுவர் எண்ணினார். பையன் எழுந்தான். நடுவர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, சரி, ஆடுங்கள் என்று கையை வீசினார். அந்தப் பையனுக்குக் கால் இன்னும் தள்ளாடியது. இன்னொரு குத்து போதும். ஒரே ஒரு குத்து. அண்ணன் எங்கள் பக்கமாகத் தலையைத் திருப்பினான். திருப்பிவிட்டு, இடது காலை எடுத்து முன்னால் வைத்தான். வலது காலைப் பின்னால் வைத்தான். மாஸ்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒழுங்காக நின்றான். வலது கையால் தலையணையை எறிந்துகொண்டே இருந்தான், மணி அடிக்கிற வரைக்கும்.

அந்த ஒரு குத்துக்காக மற்றதை எல்லாம் யாரும் மறக்கப்போவதில்லை. பையனின் கையைத்தான் தூக்கினார்கள்.

வீட்டுக்கு வரும்போது நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். தோற்றதில் வருத்தம்தான். ஆனால் பாதி வழியில் முகம் மலர்ந்துவிட்டது. "கடைசில வுட்டான் பாரு ஒண்ணு! ரைட்டு இன்னா ரைட்டு அது! முட்ட வேல செஞ்சிடுச்சும்மே. இதையே மொதல்ல வுட்டுருந்தா நம்ம புள்ள இன்னேரம் எங்கயோ போயிருப்பான்."

"அது லெஃப்ட்டு நைனா."

"நா பாக்கலியா? எங்கண்ணு இன்னா அவிஞ்சா பூட்ச்சி?"

அண்ணன் உதட்டில் இருந்த ரத்தத்தை நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆனால் ஒருவர் பார்த்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா காப்பி கொடுத்தாள். நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க பையன் இடது கைக்காரன். உங்க பொண்ணு வந்து சொல்லுச்சு, நாந்தான் காதுல வாங்கல. ஒரு வருஷம் குடுங்க. மாத்தி நிறுத்திப் பழக்குறேன். அடுத்த போட்டியில இவன நிறுத்த ஒருத்தனும் இருக்க மாட்டான்."

நைனா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எம்புள்ள பீச்சாங்கை கெடையாது சார்."

"இதுல என்ன இருக்கு? கை கைதான்."

"யூனிஃபார்ம் போட்டா சல்யூட்ட எந்தக் கைல சார் வெப்பாங்க?"

மாஸ்டர் சிரித்துவிட்டார். "சல்யூட்டு வேற, குத்து வேறங்க."

அவர் சிரித்திருக்கக்கூடாது. நைனாவின் முகம் கறுத்துப்போனது. "எங்க ஊட்டுப் புள்ளைய நாலு பேரு பீச்சாங்கைன்னு சொல்றதுக்கா நா அனுப்புனேன்? போதும் சார். அவன் இனிமே வர மாட்டான்." அவ்வளவுதான் பேச்சு. மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

மறுநாள் துவைக்கிற கல்லருகில் அம்மாவிடம் நைனாவைக் கன்னாபின்னா என்று திட்டினேன். அவள் சோப்புக் கையோடு என் வாயைப் பொத்தினாள். "உங்க நைனாவும் நொட்டாங்கைதாம்மே," என்றாள். பாரிவாக்கத்தில் சின்னப் பையனாக இருந்தபோது, நிலக்காரர் வீட்டு வாசலில் கூலி நெல் வாங்க நின்றிருக்கிறார். தன்னை அறியாமல் இடது கையை முன்னால் நீட்டிவிட்டார். மரியாதை தெரியாத பயல் என்று அவ்வளவு பேர் முன்னால் விறகுக்கட்டையால் அந்தக் கையில் அடித்திருக்கிறார்கள். நைனாவின் இடது சுண்டுவிரல் வளைந்திருப்பது வெல்டிங் வேலையால் என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.

அதைக் கேட்டபிறகு நைனாவை வெறுக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றேன். மழைக்காலத்தில் மூட்டை ஊறி, பூஞ்சை பிடித்து, ஒருநாள் அறுந்து விழுந்தது. அண்ணன் ஐடிஐ படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கடைசல் மெஷினில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம், பிள்ளைகள், கள்ளிக்குப்பத்தில் ஒரு ஃபிளாட். குறை சொல்ல ஒன்றும் இல்லாத வாழ்க்கை. நைனா போய்ச் சேர்ந்தும் பல வருஷம் ஆகிறது. எங்கள் வீட்டில் யாரும் பாக்சிங் என்ற பேச்சையே எடுத்ததில்லை. ஆனால் மேடையில் அண்ணன் எங்கள் பக்கம் தலையைத் திருப்பியதை மட்டும் நான் மறக்கவே இல்லை. நைனாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் காலை மாற்றினான் என்று உள்ளுக்குள் இத்தனை வருஷமும் நைனாவோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி கோயிலுக்குப் போயிருந்தாள். பால்கனியில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். கீழே யாரோ ஒரு சின்னப் பெண் கராத்தே உடையில் வேனில் ஏறினாள். என்னவோ தோன்றி, கேட்டுவிட்டேன்.

"நைனாவப் பாத்துத்தான் அன்னிக்கு கால மாத்திட்ட, இல்ல?"

எதைக் கேட்கிறேன் என்று அவன் விசாரிக்கவில்லை. உடனே புரிந்துவிட்டது.

"நைனா எங்க நின்னுகினு இருந்தாருன்னே எனுக்குத் தெர்ல," என்றான்.

"எங்க பக்கம் திரும்புனியே?"

"எங்க பாத்தேனோ. யாரும் கண்ணுக்குத் தெர்ல." டீயை ஊதி ஒரு வாய் குடித்தான். "ரைட்டுல குத்துனா தோள்பட்ட வரைக்கும் வலிக்கும்மே. ஒவ்வொரு தபாவும் வலிக்கும். நல்லாக் குத்துனா அப்படித்தான் வலிக்கும்னு நெனச்சிகினு இருந்தேன். அந்தப் பையன் வுழுந்தான் பாரு, அப்போ எனுக்கு ஒண்ணுமே வலிக்கல. சும்மா கதவத் தள்ளுன மாதிரி போச்சு. இவ்ளோ சுளுவா வந்தா அது தப்பாத்தான் இருக்கும்னு தோணிச்சு. அதான் மாத்தி நின்னுட்டேன்."

அவன் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் நம்பர் சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு எழுந்து யாரையாவது பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷம் கோபத்துக்கு எனக்கு ஒரு முகம் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. கீழே வேன் கிளம்பிப் போனது.

"இன்னா, அப்டிப் பாக்குற?" என்றான் அண்ணன். "டீ ஆறுது, குடி."